நோட்டுப் புத்தக ரசீதுக்கு 80சி சலுகை கிடையாது

பிள்ளைகளின் நோட்டு, சீருடை, காலணி, பை வாங்கிய ரசீதுகளைக் காட்டி 2025-26 நிதியாண்டு வருமான வரியில் 80சி பிரிவின்கீழ் கழிவு பெறலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பிள்ளைகளின் படிப்புச் செலவில் அந்தப் பிரிவு தருவது கல்விக் கட்டணத்துக்கான கழிவு மட்டும்தான். அதாவது பள்ளி ரசீதில் 'டியூஷன் ஃபீஸ்' என்று இருக்கும் தொகை. அதுவும் இந்தியாவில் உள்ள கல்வி நிறுவனத்தில் முழுநேரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வரை, பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுடன் சேர்த்து மொத்த வரம்பு 1.5 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இதுவும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து, 80சி பிரிவின் (2)ஆம் உட்பிரிவில் 17ஆம் கூறைப் படித்துப் பாருங்கள். வளர்ச்சிக் கட்டணமும் நன்கொடையும் சேராது என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. புத்தகம், சீருடை என்ற பேச்சே இல்லை.

ஜூன் மாதச் செலவு எத்தனை குடும்பங்களை நெருக்குகிறது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கவலைப்படுகிறேன், தவறாகக் கழித்துவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்தால் வரியோடு வட்டியும் கட்ட வேண்டிவரும். ரசீதில் எல்லாம் ஒரே தொகையாக இருந்தால், கல்விக் கட்டணத்தைத் தனியாகக் குறித்துத் தரும்படி பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.