பேச்சாளர் வேண்டாம், ஓடாத பக்கத்தைக் கொண்டு வாருங்கள்

எங்கள் வெப், மல்டிமீடியா டெவலப்பர்கள் குழுவை ஒருங்கிணைக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அடுத்த மாசக் கூட்டத்துக்கு யார் பேசறாங்க? நீங்களாவது ஒரு தலைப்பு கொடுங்களேன்" என்றார். "யாருமே பேச வேண்டாமே" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்கள் திட்டுவதாக இருந்தால் கீழே திட்டலாம்.

இந்தக் குழுவுக்கு நான் முதலில் போனது ஃபிளாஷ் கற்றுக்கொள்ள. புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்றொரு சின்ன அனிமேஷன் கருவியை 1996 கடைசியில் மேக்ரோமீடியா வாங்கி, அதற்கு ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வருடமே மொபைல் பிரவுசர்களுக்கான ஃபிளாஷை அடோபி கைகழுவியது. 2020 டிசம்பர் 31உடன் எல்லா ஆதரவும் நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்துவிட்டது.

ஃபிளாஷ் நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பேட்டரியைத் தின்றது, பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம், எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒரு காரியம் செய்தது. ஒரே கோப்பில், எந்த நொடியில் எது அசைய வேண்டும் என்று காட்டும் டைம்லைனும் இருந்தது, ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற அதன் நிரல்மொழியும் இருந்தது. படம் வரைகிறவர் நிரலில் 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய்) எழுதக் கற்றுக்கொண்டார். நிரல் எழுதுகிறவர், ஒரு பந்து தரையில் மோதி எழும்போது எந்த இடத்தில் வேகம் குறைய வேண்டும் என்று கற்றுக்கொண்டார். இரண்டு சாதியும் ஒரே அறையில் உட்கார வேண்டிய கட்டாயம். அது போனதும் வீடியோக்காரர்கள் எடிட்டிங் மென்பொருளுக்குள் போனார்கள், நிரல் எழுதும் நாங்கள் பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குள் போனோம். கருவியின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்ட குழு, கருவி போனால் கலைந்துவிட வேண்டும். எங்களுடையது கலையவில்லை. காரணம், கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம்.

அப்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் பாடம் எடுப்பார். அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் தன் லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி, "இது ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்கலாம். எந்த அறிவிப்பிலும் இல்லாத பழக்கம் அது. சிலர் அந்த அரை மணி நேரத்துக்காகத் தாமதமாகவே வருவார்கள். நானும் அதில் ஒருவன்.

ஒருமுறை நான் கொண்டுபோனது ஒரு வீடியோ. பக்கம் திறந்தால் கறுப்புக் கட்டம் மட்டும் தெரியும், வெகுநேரம் கழித்துத்தான் படம் ஓடும். அளவைக் குறைத்தேன், தரத்தைக் குறைத்தேன், பழியை நெட்டின் மீதும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு வீடியோ எடிட்டர். வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் ஒரு வரி தெரியாதவர். "தம்பி, எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட் போட்டீங்களா?" என்றார். நான் முழித்தேன்.

அவர் விளக்கினார். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் அந்த அட்டவணையைப் போட முடியும் என்பதால் பல மென்பொருள்கள் அதைக் கோப்பின் வாலில் கொண்டுபோய் வைத்துவிடும். என் சர்வருக்கோ கோப்பைத் துண்டு துண்டாகத் தரத் தெரியவில்லை. வாலில் இருக்கும் அட்டவணையைப் பார்க்க, பிரவுசர் முழுக் கோப்பையும் இறக்கியாக வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் ஒரே ஒரு ஆப்ஷன் சேர்த்து, அட்டவணையைத் தலைக்கு மாற்றினேன். படத்தை மறுபடி என்கோட் செய்யக்கூடத் தேவைப்படவில்லை. சர்வர் பக்கம் என்ன கோளாறு என்று பின்னால் இன்னொருவர் பார்த்துச் சொன்னார். எனக்கு அந்த வீடியோ எடிட்டரும் வேண்டியிருந்தது, அந்த சர்வர்காரரும் வேண்டியிருந்தது. இருவரும் வேறு எந்த அறையிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வெட்கக்கேடு. குழுவில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் உண்டு. நான் செய்த ஒரு முன்பதிவுப் பக்கத்தை அவர் தன் லேப்டாப்பில் திறந்தார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறார். அது பேசும் வேகம் நமக்குப் புரியவே புரியாது. அவர் எங்களுக்காக வேகத்தைக் குறைத்து வைத்தார். ஸ்பீக்கரில் கேட்டது இதுதான்: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

ஐகான் மட்டும் போட்ட பட்டன்கள். ஸ்கிரீன் ரீடர் படிக்கும்படி ஒன்றுக்கும் நான் லேபிள் வைக்கவில்லை. "அண்ணே, எது எதுக்குன்னு நீங்களே பக்கத்துல நின்னு சொல்லிடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. அறை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் தேதி தேர்வு செய்யும் கட்டத்துக்குப் போகப் பார்த்தார். போகவே முடியவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்று வெறும் டிவ்களை (பக்கத்தில் போடும் வெற்றுப் பெட்டிகளை) அடுக்கி நானே செய்த காலண்டர் அது. மவுஸ் இல்லாமல் டேப் விசையை மட்டும் தட்டி வருகிறவருக்கு அப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதாகவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்ற விதியை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பக்கத்தில் அது சரியாகவும் இருந்தது. ஆனால் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து நான் செய்ததோடு மல்லுக்கட்டியதை அதற்கு முன் ஒருதடவைகூட நான் பார்த்ததில்லை. அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கம் செய்வது பற்றி எத்தனையோ உரைகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் ஏறவில்லை. அந்த நாலு "பட்டன்" ஏறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடந்த சில வருடங்களாகக் கூட்டம் 'தரமாக' ஆகிவிட்டது. பேச்சாளர், அவர் படம் போட்ட போஸ்டர், ஸ்லைடு, கடைசியில் ஐந்து நிமிடம் கேள்வி நேரம், குரூப் போட்டோ. லேப்டாப் மாட்டும் அரை மணி நேரம் எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் நினைவில்லை. நானும் இதில் குற்றவாளிதான். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட் பற்றி நாற்பது ஸ்லைடு ஓட்டியிருக்கிறேன். எல்லா எடுத்துக்காட்டும் வீட்டில் பத்து முறை ஓட்டிப் பார்த்துக் கொண்டுபோனது, ஒன்றுகூடத் தடுமாறவில்லை. கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரே ஒருவர் எழுந்து வந்து ஸ்லைடில் என்ன ஃபான்ட் என்று கேட்டார்.

தடுமாறாத எடுத்துக்காட்டில் கற்றுக்கொள்ள அதிகம் கிடையாது. அதைவிட நன்றாகப் பேசுகிறவர்களின் வீடியோ வீட்டிலேயே கிடைக்கும், வேகத்தைக் கூட்டியும் பார்க்கலாம். அதற்காக ஒரு மாலையைச் செலவழித்துப் பயணம் செய்து வர வேண்டுமா?

இது புதிதாக நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1955இல் ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய பயனர் குழுவின் பெயரே ஷேர். ஆளாளுக்கு ஒரே நிரலைத் தனித்தனியாக எழுதி மண்டையை உடைத்துக்கொள்வானேன் என்று ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் கொடுத்தார்கள். 1975 மார்ச் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில், சொந்தமாகக் கணினி செய்ய ஆசைப்பட்டவர்களின் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முதலாகக் கூடியது. பிறகு அந்தக் கூட்டங்களை லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர் நடத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டாம் பகுதியில் யாரைத் தேடிப் பிடிக்க வேண்டுமோ அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னால் ஆப்பிள் 1 கணினி ஆன பலகையை அங்கேதான் கொண்டுவந்து காட்டினார், அதன் வரைபடத்தை நகலெடுத்துக் கொடுத்தார். எங்களில் யாரும் வாஸ்னியாக் இல்லை என்பது தெரியும். ஆனால் மேடையைப் பார்க்கும் நாற்காலியை ஒருவரையொருவர் பார்க்கத் திருப்பிப் போட வாஸ்னியாக்காக இருக்க வேண்டியதில்லையே.

"இப்பதான் ஏஐ இருக்கே, அதையே கேட்டுக்கலாமே" என்று ஒரு தம்பி சொன்னார். நானும் தினமும் கேட்கிறேன். மணிக்கணக்கில் தேடியது ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலண்டர் பற்றி நான் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பேன்? "இந்த அனிமேஷனை இன்னும் வழுவழுப்பாக ஆக்குவது எப்படி?" அதற்கு அருமையான பதில் வந்திருக்கும். காலண்டர் இன்னும் வழுவழுப்பாக, இன்னும் யாருக்கும் எட்டாமல் இருந்திருக்கும்.

பேச்சாளரை விட்டுவிட்டு ஓடாத பக்கங்களைக் கொண்டுவந்து காட்டலாம் என்கிறேனே, இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. தன் ஓட்டையைப் பத்துப் பேர் முன்னால் காட்டக் கூச்சம் வரும், அதுவும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. அதனால் முதலில் பழைய ஆட்கள் காட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய தன் குப்பையைத் திறந்து காட்டிவிட்டால் சின்னவர்களுக்குத் தைரியம் தானாக வரும். ஒருவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. கிளையண்ட்டின் ரகசியங்களை, பாஸ்வேர்டுகளை மூடி வையுங்கள் (ஒருமுறை பார்த்தோம், மறக்க முயல்கிறோம்). "இதையேன் அந்த ஃபிரேம்வொர்க்கில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) செய்யவில்லை?" என்று தொடங்குகிறவரை மரியாதையாக வெளியே அனுப்ப வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்த ஒரு நேர்காணல் இருக்கிறது. எடிட் செய்யும்போது போகப் போகக் குரலும் உதட்டசைவும் விலகுகின்றன. போன் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) சீராக வைக்காமல் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்ததுதான் காரணம் என்று சந்தேகம். ஒரே சீராக மாற்றியும் பார்த்தேன், முழுதாகச் சரியாகவில்லை. அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட் அண்ணன் இதைப் படித்தால் தயவுசெய்து வாருங்கள்.

போஸ்டரில் பேச்சாளர் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். அப்புறம், டைப்-சி வழியாக புரொஜெக்டரில் மாட்டும் அடாப்டர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். போன தடவை ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஆட்டினால்தான் படம் வந்தது.