ஒன்றரை வயது ஊசி போடுகிற அன்று இதையும் கேளுங்கள்

"பையன்னா லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்." சேலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒரு பாட்டி இருப்பார். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது, பேச்சு வருமா வருமா என்று காத்திருப்பதிலேயே அதற்கு முன்பே தெரிகிற ஆட்டிசத்தின் (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுபடுகிற ஒரு வளர்ச்சி நிலை) அறிகுறிகளை விட்டுவிடுகிறோம்.

முதலில் விரலைப் பாருங்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தனக்கு எதுவும் வேண்டாதபோதும் விரல் நீட்டும். ஏற்காடு பஸ் வளைவில் திரும்பும்போது சுவர்மேல் இருக்கும் குரங்கைக் காட்டிவிட்டு, அம்மாவும் பார்த்தாளா என்று அவள் முகத்தைப் பார்க்கும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது வராது, அல்லது ரொம்பக் குறைவாக இருக்கும். பிஸ்கட் வேண்டுமென்றால் நம் கையை இழுத்துக்கொண்டுபோய் டப்பாமேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை அடுத்த அறையில் கொலுசுச் சத்தம் கேட்டால் திரும்பும். தறி ஓடுகிற வீடுகளில் "சத்தத்துல காது மந்தமாயிருச்சு" என்பார்கள். காதுப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள், ஆனால் காது நன்றாக இருக்கிறது என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்புறம், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனால் அது எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இதில் ஒன்றிரண்டு இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்ட வேண்டாம். மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று பார்க்கத்தான் எம்-சாட் என்ற 20 கேள்விகள் இருக்கின்றன, 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. நம் ஊரில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் தவணை ஊசி போடுவதும் 16 முதல் 24 மாதத்துக்குள்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வருகிற அந்த நாளிலேயே நர்ஸ் அம்மா இந்தக் கேள்விகளையும் கேட்டுவிட்டால் என்ன? ஊசியால்தான் ஆட்டிசம் வந்தது என்ற பயமும் இந்த வயதில்தான் கிளம்புகிறது, அறிகுறிகள் கண்ணில் படுகிற வயதும் ஊசி போடுகிற வயதும் ஒன்றாக இருப்பதால். 1998இல் அப்படிக் கிளப்பிவிட்ட ஆய்வுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தயவுசெய்து ஊசியை நிறுத்தாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் சேலம் ஜி.ஹெச்.சில் டி.ஈ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்த்துப் பயிற்சி தருகிற மையம்) எங்கே என்று கேட்டுப் போங்கள், காசு கிடையாது. ஆட்டிசம்தான் என்று உறுதியாகும்வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு, அப்படி எத்தனை வாரம் வருவார்கள்? வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி தருகிறவர் மலைக்கு மேலே போக வேண்டும். இதை நம் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்போம், நான் மனு எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.