அந்தக் கப்பல் சாண்டேயிலேயே இருக்கட்டும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் சாண்டே என்று ஒரு தீவு இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 500. 2024 பிப்ரவரியில் ஒரு புயல் ஓய்ந்த பிறகு கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பள்ளிச் சிறுவன் கண்ணில், மணலுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்ற ஒரு பெரிய மரக்கப்பலின் துண்டு பட்டது. அதற்குப் பிறகு அந்த ஊர் செய்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

விவசாயிகள் டிராக்டரையும் டிரெய்லரையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். சுமார் 12 டன் ஓக் மரம். எல்லோரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இதில் நேரம்தான் எல்லாம். இருநூறு வருடத்துக்கும் மேலாக ஈர மணலுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால்தான் அந்த மரம் பிழைத்திருந்தது. வெளியே வந்த நிமிடத்திலிருந்து அதற்கு ஆபத்து. அப்படியே விட்டால் அடுத்த பெரிய அலை உடைத்துக்கொண்டு போய்விடும், வெயிலிலும் காற்றிலும் காயவிட்டாலோ உள்ளே ஊறியிருந்த நீர் வெளியேற வெளியேற மரம் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, வெடித்துவிடும். தூரத்து நகரத்திலிருந்து கிரேனும் கோப்பும் வரட்டும் என்று கடல் காத்திருக்காது. பக்கத்தில் இருந்தவர்கள்தான் காப்பாற்ற முடியும், காப்பாற்றினார்கள்.

சரி, மரத்தை மீட்டாயிற்று, அது எந்தக் கப்பல்? சாண்டேயைச் சுற்றி உடைந்துபோன கப்பல்கள் நூற்றுக்கணக்கில், அதில் ஒன்றைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முதலில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் பார்த்தார்கள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வளையம் அகலமாக விழும், வறண்ட வருடத்தில் ஒடுங்கிவிடும், அந்த வரிசை ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை வைத்து, இது தெற்கு இங்கிலாந்தில் வளர்ந்த ஓக், வெட்டியது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் என்று சொல்ல முடிந்தது. அப்புறம் ஆவணங்களைத் தோண்டும் வேலை. வெசெக்ஸ் ஆர்க்கியாலஜி அமைப்பின் தொல்லியலாளர்களோடு ஊர்த் தன்னார்வலர்களும் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் படித்தார்கள். பொருந்தாத கப்பலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் பெயரை அறிவித்தார்கள்: ஏர்ல் ஆஃப் சாத்தம்.

இந்தக் கப்பலுக்கு இரண்டு வாழ்க்கை. 1749-இல் தெற்கு இங்கிலாந்தின் சிச்செஸ்டரில் கட்டியபோது இது பிரிட்டிஷ் கடற்படையின் 24 பீரங்கிப் போர்க்கப்பல், பெயர் ஹைண்ட். 1750-களில் இன்றைய கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த லூயிஸ்பர்க், கியூபெக் ஊர்களை பிரிட்டன் முற்றுகையிட்டபோது அங்கே இருந்தது. கடற்படை கைகழுவிய பிறகு வாங்கியவர்கள் பெயரை மாற்றித் திமிங்கல வேட்டைக்கு ஆர்க்டிக் பக்கம் அனுப்பினார்கள். அப்படிப் போகும் வழியில் 1788-இல் சாண்டேயின் லோப்னஸ் விரிகுடாவில் தரைதட்டி உடைந்தது. கப்பலில் 56 பேர், 56 பேரும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்தக் கடலில் கப்பல் உடைந்து ஒருவர்கூடச் சாகவில்லை என்பது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாண்டேயில் மரம் கிடையாது, காற்று வளரவிடாது. வீட்டுக்கூரைக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் வேலிக்கும் அந்த ஊருக்கு மரம் கொடுத்ததே உடைந்த கப்பல்கள்தான். தட்டையான தீவு என்பதால் இருட்டில் கரை தெரியாமல் கப்பல்கள் வந்து மோதின. 1806-இல் தீவின் கிழக்கு முனையான ஸ்டார்ட் பாயிண்டில் சுழலும் விளக்கோடு கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியதும் அதனால்தான். கப்பல் மரத்தை வைத்தே பல தலைமுறை வாழ்ந்த ஊர், இன்று கரை ஒதுங்கிய கப்பல் மரத்தில் ஒரு துண்டும் வீணாகிவிடக் கூடாது என்று டிராக்டர் ஓட்டுகிறது. இந்தக் கப்பலின் மேல் இவர்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

இப்போது அந்த மரங்கள் சாண்டே மரபு மையத்தில் நன்னீர்த் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. பிரிட்டனின் தேசிய மரபு நினைவு நிதி சுமார் 2,05,000 பவுண்டு கொடுத்திருக்கிறது. கப்பலின் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்த மர ஆணிகள் இன்னும் அதனதன் துளையில் இருக்கின்றன. பெயர் தெரியாத ஏதோ ஒரு தச்சர் 1749 வாக்கில் அடித்த ஆணி அது!

அடுத்து என்ன என்பதில்தான் எனக்குக் கவலை. "இவ்வளவு சின்ன ஊரால் இதைப் பராமரிக்க முடியுமா, ஒரு பெரிய அருங்காட்சியகத்திடம் கொடுத்துவிட்டால் பாதுகாப்பாக இருக்குமே" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கடலடியிலிருந்து மீட்ட ஸ்வீடனின் பழைய போர்க்கப்பல் வாசா மேல், மரம் சுருங்காமல் இருக்க 17 வருடம் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். 1982-இல் கடலடியிலிருந்து மேலே வந்த இங்கிலாந்துப் போர்க்கப்பல் மேரி ரோஸ் மேல் தெளிப்பதை நிறுத்தியதே 2013-இல்தான். ஊறிய மரத்தைக் காப்பாற்றப் பொறுமையும் பணமும் நிறையவே வேண்டும். ஆனால் வாசா கிட்டத்தட்ட முழுக் கப்பல், மேரி ரோஸில் மிஞ்சியதே ஏறக்குறைய பாதிக் கப்பல், சாண்டேயில் இருப்பதோ ஒரு பகுதிதான். பணத்தையும் வேதியியல் தெரிந்தவர்களையும் தீவுக்கு அனுப்பலாம், படகுப் போக்குவரத்து இருக்கிறது. மரத்தைத் தீவிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் எடின்பரோவிலோ லண்டனிலோ ஆயிரம் பொருள்களுக்கு நடுவே ஒரு மூலையில்தான் அதை வைப்பார்கள், போகிறவர் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். சாண்டேயில் வைத்தால், அதே கரையில் அதை இழுத்தவர்களே நின்று கதை சொல்வார்கள்.

புயல் மணலைக் கிளறுவது இதோடு நிற்கப்போவதில்லை, லோப்னஸில் நாளைக்கு வேறொரு கப்பல் எட்டிப் பார்க்கலாம். அன்றைக்கும் முதலில் ஓடி வரப்போவது இதே ஊர்தான். அதனால் தொட்டியோடு நிறுத்தாமல், மரம் பதப்பட்டு உலர்ந்த பிறகு காட்சிக்கு வைக்க ஒரு நல்ல கட்டடத்துக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் இரண்டு பேருக்குச் சம்பளத்துக்கும் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும் என்கிறேன்.