சாட்சி சொல்ல நான் வரவில்லை

சனிக்கிழமை நாகர்கோவிலில் நடந்த மனநலக் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போட்டோவுக்குக் கீழே "கண்ணீர் வந்துவிட்டது சகோதரி", "கடவுள் உங்களைத் திரும்பத் தந்தார்" என்று நீங்கள் எழுதியதையெல்லாம் பார்த்தேன், நன்றி. பொன்னாடை போர்த்தியதைப் படம் எடுத்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததை எடுக்கவில்லை, அதனால் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

காலையில் என்னை மேடையேற்றிப் பத்து நிமிடம் பேச வைத்தார்கள். எப்போது குரல்கள் கேட்க ஆரம்பித்தன, எத்தனை வருடம் அறைக்குள் கிடந்தேன், எப்படி எழுந்து வந்தேன். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்வது போல. சரி, சொன்னேன். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் பேச உட்கார்ந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்க வெளிய இருங்க, இதெல்லாம் கேட்டா உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்" என்றார். உள்ளே பேசியது யாரைப் பற்றி? ஐந்து மாதமாக வாராவாரம் நான் போய்ப் பார்க்கிற பையனைப் பற்றி. அவனைப் பற்றி உள்ளே வாசித்தவர் வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அவர் கையில் இருந்த குறிப்பு நான் எழுதிக் கொடுத்தது. நான் வராந்தாவில் பேப்பர் கப் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மனநோய் உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை, எனக்கு வந்த நோய்தான் அதற்கு என் தகுதி. அதை மேடையில் காட்ட வேண்டும், அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்றால் என்ன கணக்கு இது?

அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஊர் சொல்ல மாட்டேன். அப்பா ரப்பர் பால்வெட்டு. அம்மா மாத்திரையை மட்டிப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறாள், அவன் கண்டுபிடித்துவிட்டான், அப்புறம் அவள் கையால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் போன முதல் நான்கு வாரமும் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஐந்தாவது வாரம் நானும் அங்கேயே போய்ப் படியில் உட்கார்ந்து, "காலையில எழும்பும்போ தலகாணி நனஞ்சிருக்கா?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தான். "சேச்சிக்கும் உண்டா?" "ஒம்பது வருசமா உண்டு. துண்டு விரிச்சுதான் படுப்பேன்."

நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிற மனநோய் மாத்திரை குளோசபின், அதைச் சாப்பிடும் பலருக்குத் தூக்கத்தில் எச்சில் ஒழுகும். டாக்டருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன், தங்கச்சி இருக்கிற வீட்டில், தினமும் ஈரத் தலையணையை ஒளித்து வைத்துக்கொண்டு அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வான்? மாத்திரையை விட்டதற்கு அதுதான் காரணம். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தைப் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அப்படித்தான் ஏற்றினார்கள். இப்போது அவனே எடுத்துப் போடுகிறான். அந்த மருந்துக்காக ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளில் நானும் கூடப் போவேன், திரும்பும்போது ஆளுக்கொரு சாயா.

"படிப்பு இல்லாதவர்கள் மருத்துவம் பார்க்கலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எங்கே ஐயா மருத்துவம் பார்த்தேன்?

"ரகசியம் வெளியே போய்விடும்" என்பது நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். அப்படியென்றால் எழுதி வாங்குங்கள், பயிற்சி கொடுங்கள். மூன்று வாரம் முன்னால் வந்தவரிடம் இருக்கும் நம்பிக்கை என்னிடம் ஏன் இல்லை?

"மறுபடி நோய் வந்தால்?" வந்தது. போன வருடம் இரண்டு வாரம் லீவு எடுத்தேன். மஞ்சள் காமாலை வந்தவரும் லீவு எடுக்கிறார், திரும்பி வந்தபின் அவரை யாரும் வராந்தாவில் உட்கார வைப்பதில்லை.

குடி விஷயத்தில் இதே ஊர் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது பாருங்கள். குடித்தவன்தான் குடிப்பவனிடம் பேச முடியும் என்று 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழு இன்று நம் பக்கத்து மண்டபம் வரை வந்துவிட்டது, யாரும் சிரிப்பதில்லை. அதையே குரல் கேட்ட ஒருத்தி குரல் கேட்கிறவனிடம் செய்தால் மனசு கஷ்டமாகிவிடுமாம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மாநில மனநல ஆணையத்திலேயே, மனநோய் உள்ளவர்களின் அல்லது இருந்தவர்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் உட்கார வேண்டும் என்கிறது. ஆணையத்தில் இடம் உண்டு, நம் ஊர் மீட்டிங் ஹாலில் இல்லை.

சம்பளம் பற்றிப் பேசினால் பேராசைக்காரி ஆகிவிடுவேன். எனக்குத் தருவது பஸ் காசு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், அதனால் அக்காவுக்கு அதுவும் லாபம்தான் என்று ஒருவர் ஜோக் அடித்தார், நானும் சிரித்தேன். சிரிக்கவில்லையென்றால் "இன்னும் முழுசா குணமாகல போல" என்பார்கள். கோபப்பட்டால் அறிகுறி, அழுதால் அறிகுறி, இந்தப் பதிவையும் அப்படிப் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், படிக்கட்டும்.

என்னைக் குத்தியது அந்த ஒரு வார்த்தைதான். தம்பி கல்யாணத்தன்றைக்கும் அதையேதான் சொன்னார்கள். "உனக்குக் கூட்டம் ஆகாது மக்களே, மனசு கஷ்டமாயிரும்." மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் அடுக்குகிற அறையில் இருந்தேன். பாயசம் வந்திருக்கும்போல, பப்படம் நொறுக்குகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. எனக்கு ஒரு இலையில் எல்லாவற்றையும் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அன்புதான். சனிக்கிழமை சொன்னவரும் அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் பதில் சொல்ல வரவில்லை.

நேற்று அந்தப் பையனின் அம்மா போன் பண்ணி, "மீட்டிங்ல என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பேசிக்கிட்டு இருக்காவ மைனி என்று சொல்லி வைத்தேன்.