ஊர்க்கமிட்டி நடத்தும் முதியோர் இல்லத்துக்காக யார் பேசுவது?

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லம் என்றாலே கொள்ளை லாபம் என்று நம்ம ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இங்கே முதியோர் இல்லப் படுக்கைகளில் பாதிக்கும் மேல் லாப நோக்கில்லாத அமைப்புகள் நடத்துபவை. சர்ச்சுகள், ஊர்க்கமிட்டிகள், கிரேக்க, இத்தாலிய, யூத சமூகங்கள் தங்கள் பெரியவர்களுக்காக ஆரம்பித்தவை. நானும் மெல்பர்னில் அப்படி ஒன்றில்தான் கேரராக (முதியோரைப் பராமரிப்பவராக) இருக்கிறேன், அதனால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லாப நோக்கில்லாதவர்கள் பெரும்பாலும் ஏசிஎஸ்ஏ என்ற இல்ல நிர்வாகிகள் சங்கத்தில் இருந்தார்கள். 2022-ல் அது லாஸா என்ற இன்னொரு நிர்வாகிகள் சங்கத்தோடு இணைந்து ஏசிசிபிஏ ஆனது, 2025-ல் பெயரை ஏஜிங் ஆஸ்திரேலியா என்று மாற்றிக்கொண்டது. லாபத்துக்கு நடத்தும் கம்பெனிகளும் இப்போது அதே குடைக்குள். முதியோர் பராமரிப்பை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன் 2021-ல் 148 பரிந்துரைகளைக் கொடுத்த பிறகு தலைநகர் கான்பெராவில் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தினால் எடுபடாது, அது புரிகிறது. ஆனால் பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்க வேண்டியவரும், மிச்சம் வந்தால் ஒழுகும் கூரையை மாற்றுகிறவரும் 'இன்னும் பணம் கொடுங்கள்' என்பதில் மட்டும்தான் ஒத்துப்போவார்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று அரசு கேட்கும்போது?

2024 அக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸ் தர வேண்டும் என்பது விதி. கேட்க நிறையத்தான் இருக்கிறது. நடக்க முடியாத ஒருவரை லிஃப்டர் என்ற தூக்கும் கருவியில் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி ஸ்லிங் என்ற தூக்குத் துணியை முதுகுக்கடியில் விட்டு, ஷவர் நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, துடைத்து, க்ரீம் தடவி, பட்டன் போடப் போனால் கையைத் தட்டிவிட்டு இத்தாலியனில் திட்டுவார், ஏனென்றால் டிமென்ஷியா என்ற மறதிநோய் முற்றும்போது பலருக்கு அப்புறம் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுகிறது. அவசரப்படுத்தினால் அடி விழும். ஒரு ஆளை டைனிங் ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

இந்த நேரத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட வேண்டியவர்கள் எங்கள் நிர்வாகிகள். எங்களைப் போன்ற ஊழியர்களின் சம்பளத்தில் 15 சதவீத உயர்வுக்கு வழக்காடியது யூனியன்கள். 2023-ல் அது கைக்கு வந்தது. நிர்வாகச் சங்கங்கள் "ஏற்றுங்கள், ஆனால் பணத்தை அரசு தரட்டும்" என்றன. சரி, அதுவாவது சொன்னார்களே.

லாப நோக்கில்லாதவர்கள் எல்லாரும் உத்தமர்களும் இல்லை. ராயல் கமிஷன் முன்னால் அவர்களும் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எல்லாருமே சின்னவர்களும் இல்லை. கத்தோலிக்கர்களுக்காகப் பேச கேத்தலிக் ஹெல்த் ஆஸ்திரேலியா இருக்கிறது, யுனைட்டிங் சர்ச்சுக்கு யுனைட்டிங்கேர். பின்னால் எந்தச் சபையும் இல்லாத, நாட்டுப்புறத்தில் நர்ஸ் கிடைக்காமல் அல்லாடுகிற கமிட்டி இல்லத்துக்கு? அது மூடினால் கணவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, கார் ஓட்ட முடியாத மனைவி இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஏஜிங் ஆஸ்திரேலியா அப்படியே இருக்கட்டும். அதற்குள்ளேயே லாப நோக்கில்லாதவர்களுக்கென்று தனிப் பிரிவு, தனித் தலைமை வேண்டும். வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் வெளிப்படையாகக் கணக்குத் தருகிறோம், கம்பெனிகளும் தரட்டும் என்று அந்தப் பிரிவு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் விசாரணையில் தன் பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.