வீட்டிலிருந்தே பிரெஞ்சு: செயலியைக் காதால் தேர்ந்தெடுங்கள்

பிரெஞ்சு கற்க எந்த ஆப் நல்லது என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பட்டியல் வந்து விழும். ஐந்து பெயர், ஐந்து லிங்க், "இதுல ஆரம்பிங்க" என்று ஒரு வரி. அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் பட்டியல் போடுபவர்கள் இல்லை, பிரெஞ்சு மொழிதான். கண்ணில் படும் பிரெஞ்சு வேறு, காதில் விழும் பிரெஞ்சு வேறு. அதனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிறவர் ஒரு செயலியிடமோ கோர்ஸிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்: இது என் காதுக்கு வேலை கொடுக்குமா, என் வாயைத் திறக்க வைக்குமா? மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குச் சில உதாரணங்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்பதில் வரும் வினைச்சொல்லுக்கு பிரெஞ்சு எழுத்தில் மூன்று வடிவம் உண்டு. வாயில் மூன்றும் 'பார்ல்' தான். கடைசி எழுத்துகள் ஒலிப்பதே இல்லை. திரையில் வரும் சொற்கட்டைகளைத் தட்டித் தட்டி வாக்கியம் அமைக்கும் செயலியில் இந்த மூன்றையும் பிழையில்லாமல் அடுக்கி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அதனால் காதுக்கு ஒன்றும் சேர்ந்திருக்காது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 'அவர்களிடம் இருக்கிறது' என்பதையும் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதையும் பிரெஞ்சில் சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதச் சொன்னால், இரண்டையுமே 'இல்ஸோன்' என்றுதான் எழுதுவோம். இடையில் இருப்பது ஒரே ஒரு ஒலி வித்தியாசம். முன்னதில் இசட், பின்னதில் எஸ். இசட் ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லாததால் நம் காது அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போய்விடுகிறது. 'மேலே', 'கீழே' என்ற சொற்களும் இப்படித்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தெஸூ'. 'கீழே' என்பதில் வருவது நம் ஊ. 'மேலே' என்பதில் வருவது, நாக்கை ஈ சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ஊ சொல்வது போலக் குவித்தால் வரும் ஒலி. பொருளோ நேர் எதிர். எந்தப் பிரெஞ்சுச் சொல்லையும் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். இந்தப் பதிவில் எழுதியிருப்பது விளக்குவதற்காக மட்டும். ஒலிப்பு வேண்டுமென்றால் ஃபோர்வோ தளத்துக்குப் போனால் அந்த மொழிக்காரர்களே சொல்லிக் காட்டுகிறார்கள்.

இதிலிருந்தே ஒரு நல்ல பரிசோதனை கிடைக்கிறது. பேசினால் உச்சரிப்பைத் திருத்துவோம் என்று சொல்லும் செயலி எதுவானாலும், 'மேலே' சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 'கீழே' என்று சொல்லிப் பாருங்கள். பச்சை டிக் விழுந்தால், அது உங்கள் குரலைக் கேட்டு மதிப்பிடவில்லை. எதிர்பார்த்த வாக்கியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறது. இப்போது வந்திருக்கும் ஏஐ உரையாடல் கருவிகளையும் இதே வழியில் சோதியுங்கள். கூச்சம் போகப் பேசிப் பழக அவை உண்மையிலேயே நல்லவை. ஆனால் நாம் தப்பாகச் சொன்னதையும் சூழலை வைத்துச் சரியாக ஊகித்து, உரையாடலைத் தொடர்ந்துவிடுகின்றன. எதிரே இருக்கும் பிரெஞ்சுக்காரர் அப்படி ஊகித்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். உலகச் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கோர்ஸ்கள் ஆங்கிலம் பேசுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவர்களுக்குக் கஷ்டமானது நமக்கும் கஷ்டமாக இருக்க வேண்டியதில்லை. ப, த, க ஒலிகளை மூச்சு வெடிக்காமல் சொல்ல அவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. நமக்கு அது பிறவியிலேயே உண்டு. பிரெஞ்சு 'த' என்பது 'பத்து' சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறதே, அந்த இடம்தான். அங்கே போய் ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியது இசட், எஃப், மூக்கொலி உயிர்கள், மேலே சொன்ன அந்த உதடு குவித்த ஈ. இவற்றுக்கென்று எந்த கோர்ஸும் நமக்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கப் போவதில்லை. நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். ஒலியை மட்டும் நம்பிச் செய்யப்பட்டவற்றில் பிம்ஸ்லர் கோர்ஸ் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை உருவாக்கிய பால் பிம்ஸ்லர் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையில், புதிய சொல்லை எந்த இடைவெளிகளில் திரும்பக் கேட்டால் அது நினைவில் நிற்கும் என்று ஒரு வரிசை கொடுத்தார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், பிறகு நாட்கள், மாதங்கள் என்று நீளும். அந்த யோசனையை வைத்துத்தான் பாடங்கள் அமைந்திருக்கின்றன. ஒரு நிலைக்கு 30 பாடம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கேள்வி வரும், ஒரு மௌனம் வரும், அந்த மௌனத்துக்குள் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். வாயைத் திறக்காமல் ஒப்பேற்ற முடியாது. குறை என்னவென்றால் சொல்வளம் மிகக் குறைவு, படிக்க எழுத ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முதல் சில மாதங்களுக்கு அது குறையே இல்லை என்பது என் கட்சி.

மிஷெல் தாமஸ் என்ற மொழி ஆசிரியரின் ஒலிப்பதிவுகள் வேறு மாதிரி. இரண்டு மாணவர்களை உட்கார வைத்து அவர் பாடம் நடத்துவதை நாம் கேட்கிறோம். ஆங்கிலம் நன்றாக வருபவருக்கு வாக்கியக் கட்டுமானம் சட்டென்று பிடிபடும். உச்சரிப்புக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். அஸ்ஸிமில் 1929-இலிருந்து மொழிப் பாடநூல்கள் வெளியிடும் நிறுவனம். ஒரு பக்கம் உரையாடல், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு, கூடவே ஒலிப்பதிவு. முதல் பாதியில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். பிறகு முதல் பாடத்துக்கே திரும்பி, மொழிபெயர்ப்பைப் பார்த்து பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பொறுமைசாலிகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. டியோலிங்கோவை நான் ஒதுக்கவில்லை. தினமும் மொழியைத் தொட வைக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதைப் பிரதான கோர்ஸாக வைத்துக்கொண்டு, தொடர்ச்சியாக எத்தனை நாள் வந்தோம் என்ற எண்ணிக்கையை முன்னேற்றம் என்று எண்ணுவது தவறு. அன்கி என்ற நினைவூட்டல் செயலியில் கேள்வி-பதில் அட்டைகள் செய்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அட்டையின் முன்பக்கத்தில் எழுத்து வேண்டாம், ஒலியை மட்டும் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் எல்லோரும் முதல் பாடத்தைக் கேட்டுப் பார்க்கிறார்கள். எந்த கோர்ஸிலும் முதல் பாடம் இனிமையாகத்தான் இருக்கும். கடைசிப் பாடத்தைக் கேளுங்கள். அங்கேயும் ஒரு ஸ்டூடியோ குரல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்த கோர்ஸ் உங்களை நிஜப் பேச்சு தொடங்கும் இடத்துக்கு முன்பாகவே இறக்கிவிடும். பாடத்தில் 'ழு ந ஸே பா' என்று நான்கு சொல்லாகக் கற்றுத் தரும் 'எனக்குத் தெரியாது', ஒரு பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஷே பா' ஆகிவிடுகிறது. கடைசிப் பாடத்திலாவது அது காதில் விழ வேண்டும். இலவச வாரம் முடிந்ததும் தானாகவே ஆண்டுச் சந்தா பிடித்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு. சேர்ந்த அன்றே ரத்து செய்து வையுங்கள். பெரும்பாலும் அந்த வாரம் முடியும்வரை பயன்படுத்த விடுவார்கள்.

உண்மையில் மிகச் சிறந்த சில விஷயங்களுக்குக் காசே வேண்டாம். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் ஏ1 (தொடக்கநிலை) முதல் பி2 (நன்றாகப் பேசும் நிலை) வரை, ஐரோப்பிய மொழி அளவுகோலின்படி நிலைவாரியாக வீடியோக்களும் பயிற்சிகளும் இலவசம். பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் வரும், முழு எழுத்து வடிவமும் கிடைக்கும். அதை நான் பயன்படுத்தும் விதம் இது. ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வேன். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததைத் தாளில் எழுதுவேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, இனி ஒன்றும் பிடிபடாது என்ற கட்டம் வந்த பிறகுதான் அவர்கள் எழுத்தோடு ஒப்பிடுவேன். விட்டுப்போனவை பெரும்பாலும் தெரியாத சொற்களாக இருக்காது. நன்றாகத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்கள்தான், பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, மறுபடி கேட்டு, கூடவே சொல்வேன். களைப்பான வேலைதான். ஆனால் காது திறப்பது கண்கூடாகத் தெரியும். எண்களுக்கும் தனியாக இப்படிச் செய்யுங்கள். 99 என்பதை நான்கு இருபது, பத்து, ஒன்பது என்று சொல்லும் மொழி இது. பிரான்ஸில் தொலைபேசி எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். வேகமாகச் சொல்லும்போது எழுதிப் பாருங்கள், தெரியும்.

மூன்று வாரத்தில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு பிரெஞ்சு கற்பிக்க முழுநேர வகுப்பாக சுமார் 30 வாரம் கணக்கு வைத்திருக்கிறது. வேலைக்குப் போய்வந்து மாலையில் அரை மணி நேரம் படிப்பவர் அதைவிட நீண்ட காலத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்வதுதான் நியாயம்.

நிலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பி2 வரை" என்று ஒரு செயலி போட்டுக்கொண்டால், அதில் உள்ள பாடங்கள் அந்த நிலைக்கானவை என்று பொருள். முடித்தவர் பி2 ஆகிவிடுவார் என்று பொருள் இல்லை. பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழான டெல்ஃபின் பி2 தேர்வில் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து, அதையொட்டி உங்கள் கருத்தைச் சொல்லி, தேர்வாளர் எதிர்த்துக் கேட்டால் வாதாடவும் சொல்வார்கள். கூடவே 250 சொற்களில் வாதம் எழுத வேண்டும். எந்தச் செயலியில் தட்டினாலும் இது வராது. வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதரோடு பேச வேண்டும். ஆன்லைனில் தனி ஆசிரியர் வைத்தால் அவரிடம் இலக்கணம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அது எங்கும் கிடைக்கும். நீங்கள் பேசுங்கள், அவர் திருத்தட்டும்.

கனடா குடியேற்றத்துக்காகப் படிப்பவர்கள் கோர்ஸ் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். திறன்பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு டெல்ஃப் சான்றிதழ் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். டெல்ஃப் ஆயுளுக்கும் செல்லும், இவற்றின் முடிவுகளுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். டிசிஎஃப் கனடாவின் கேட்டல் பகுதியில் 35 நிமிடத்தில் 39 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். பின்னால் ஓட்டிக் கேட்க வழியில்லை. இவற்றை எழுதி முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கேட்டல் பகுதிக்கு எதை வைத்துப் பயிற்சி செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். தொடங்கப் போகிறவர்கள் நிறைய பேர் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.