கூட்டத்தில் ஆயாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஊரில் கேட்டால் "அங்க ரெண்டு டீச்சர்தான்" என்பார்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள், கழிப்பறை கழுவும் ஆயா என இத்தனை பேர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனக்கு இது நெடுநாளாக உறுத்துகிறது.

எங்கள் பக்கம் நடவு, களையெடுப்பு நாட்களில் தாய்மார்கள் காலையிலேயே வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். பழைய சோறு இருந்தால் பிள்ளை சாப்பிட்டு வரும், இல்லாவிட்டால் வெறும் வயிறுதான். பத்தரை மணிக்கு "வயிறு வலிக்குது டீச்சர்" என்று பெஞ்சில் தலை சாய்க்கும் பிள்ளைக்கு என்ன வாய்ப்பாடு சொல்லித் தர முடியும்? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டபோது எங்களுக்கும் வந்தது. முதல் பாடவேளையே மாறிப்போனது. அதற்காக அந்தப் பெண்கள் இருட்டோடு எழுந்து, தங்கள் வீட்டுச் சமையலைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருகிறார்கள்.

பாடம் நடத்துவதிலும் அவர்கள் பங்கு உண்டு. சத்துணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. வருகை எடுத்து முடித்ததும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சத்துணவு அமைப்பாளரிடம், அதாவது எங்கள் "சத்துணவு டீச்சரிடம்" ஓடுவார்கள். இன்று 43 பேர் என்றால் 4 கிலோ 300 கிராம். ஒரு அட்டையில் 30 முட்டை, அடுத்த அட்டையில் இருந்து எத்தனை எடுக்க வேண்டும்? தராசு முள்ளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கிராமும் கிலோவும் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை. தலைமை ஆசிரியர் வட்டாரக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித் தரும் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பொறுத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று மூன்று நிலைக்கும் தனித்தனி வேலை கொடுக்க வேண்டும். அன்றைக்கு அரும்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அட்டை எழுத்துகளைச் சேர்க்கச் சொல்வது சத்துணவு டீச்சர்தான். அது அவருடைய வேலை இல்லை, அதற்கு யாரும் அவருக்கு ஒரு ரூபாய் தரப் போவதும் இல்லை.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் சமையல் அக்காவிடம் இருக்கும். திங்கட்கிழமை மதியம் யார் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சோறு கேட்கிறான் என்று அவருக்குத் தெரியும். சனி, ஞாயிறு அந்த வீட்டில் என்ன நிலைமை என்பது அதிலேயே விளங்கிவிடும். அவர் சொல்லித்தான் நாங்கள் சில வீடுகளுக்குப் போயிருக்கிறோம்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. வயலும் வாய்க்காலும் நிரம்பினால் பாம்புக்கும் மேட்டு நிலம்தான் வேண்டும், ஊரில் மேடு என்றால் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆயா கம்பும் கையுமாக ஒவ்வொரு வகுப்பிலும் பெஞ்சுக்கு அடியில் தட்டிப் பார்த்துவிடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பள்ளி நிவாரண முகாமாக இருந்தது. தன் வீட்டுக் கூரை பறந்துபோன நிலையில்தான் சமையல் அக்கா மற்றவர்களுக்குப் பொங்கிப் போட்டார்.

2004 ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளி. சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. டெல்டாவில் யாரும் அதை மறக்க முடியாது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது, சரி. ஆனால் தினமும் அடுப்பை, சிலிண்டரை, ஓடித் திரியும் பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் கண் அந்தப் பெண்களுடையது. அந்தப் பொறுப்புக்கு என்ன மரியாதை தருகிறோம்? நிரந்தர ஊழியர்களைப் போல முறையான காலமுறை ஊதியம் கேட்டு சத்துணவு ஊழியர்கள் எத்தனையோ வருடமாகப் போராடுகிறார்கள். ஆயாவின் நிலைமை அதைவிட மோசம். சொற்பத் தொகை, அதுவும் மாதக்கணக்கில் பாக்கி.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். சமைப்பவர் சாதி பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கு ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டிவந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. தட்டைத் தள்ளிவிடச் சொல்லிக் கொடுப்பது வீடுதான். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம் ஆசிரியர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, சமைப்பவரை மாற்ற முடியாது என்று நேரடியாகச் சொல்ல வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது சமையல் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். கழிப்பறையைப் பற்றிப் பேசும்போது அதைக் கழுவுகிறவர் அங்கே இருப்பதில்லை, உணவைப் பற்றிப் பேசும்போது சமைக்கிறவர் இருப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர்களே, அவர்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார் என்று கேளுங்கள். ஆயாவுக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று அவர் முன்னாலேயே கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.